வேலைக்கு என்ன உடுத்துவது?

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில், திருநங்கைத் தொழிலாளர் சார்பில் நிகழ்த்திய பேச்சு)



கூலி, போனஸ், வேலைப் பளு என்று பேச வேண்டிய மேடையில் நாங்கள் சேலையையும் ரவிக்கையையும் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "இதெல்லாம் ஒரு பிரச்னையா?" என்று சிலர் நினைக்கலாம். அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறோம். நாளைக் காலை ஷிப்டுக்கு நீங்கள் போட்டுக் கொண்டு போகிற சட்டையைக் காட்டி, "இதோடு உள்ளே வராதே, வீட்டுக்குப் போ" என்று கேட்டில் நிறுத்தினால், அது சட்டைப் பிரச்னையா, சோற்றுப் பிரச்னையா?

நாங்கள் திருநங்கைகள். எங்களில் சிலர் நூல் மில்லில் ரிங் பிரேம் பார்க்கிறோம். சிலர் பனியன் கம்பெனியில் தைக்கிறோம். சிலர் நடவுக்கும் களைக்கும் போகிறோம். பலர் ஆண்பிள்ளை என்று பேர் எழுதி வேலைக்குச் சேர்ந்தவர்கள். உள்ளுக்குள் பெண்ணாகவும் வெளியே ஆணாகவும் வருஷக் கணக்கில் காலம் தள்ளிவிட்டு, ஒரு நாள் "இனி மறைக்கப் போவதில்லை" என்று முடிவு செய்கிறோம். முடிவு செய்த அன்று ராத்திரியே அடுத்த கேள்வி வந்துவிடுகிறது: காலையில் வேலைக்கு என்ன உடுத்திக் கொண்டு போவது? அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் வேலையை விட்டவர்கள் உண்டு. விடை தெரிந்து உடுத்திப் போன பிறகு வேலையை விட்டுத் துரத்தப்பட்டவர்களும் உண்டு. துரத்தப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்காதீர்கள். கடைத்தெருவிலும் ரயில் பெட்டியிலும் கை நீட்டி நிற்பவர்களைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா?

முதலில் நம் கண்ணெதிரே இருப்பதைப் பார்ப்போம். கட்டிட வேலைக்குப் போகிற சித்தாள் பெண்கள் சேலைக்கு மேலே என்ன போட்டிருக்கிறார்கள்? ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. களை எடுக்கிற, கரும்பு வெட்டுகிற பெண்களும் அப்படித்தான். புருஷனுடைய பழைய சட்டையோ, அண்ணன் தம்பியின் சட்டையோ, எது கிடைக்கிறதோ அதை மேலே மாட்டிக் கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக் கொண்டு இறங்கிவிடுகிறார்கள். கரும்புச் சோகை கையைக் கிழிக்கக் கூடாது, வெயில் சுடக் கூடாது, குனிந்து நிமிரும்போது மாராப்பு விலகக் கூடாது. அவ்வளவுதான் காரணம். "ஆம்பிளைச் சட்டை போட்டிருக்கிறாயே, நீ ஆம்பிளையா?" என்று அவளை யாராவது கேட்டதுண்டா? ஒருவரும் கேட்பதில்லை. வேலைக்கு ஏற்ற உடுப்பு என்று எல்லோருக்கும் புரிகிறது. அதே வரப்பில், அதே சட்டையைச் சேலைக்கு மேலே போட்டுக் கொண்டு ஒரு திருநங்கை வந்தால் மட்டும் சிரிப்பு வருகிறது. சிரிப்பு சட்டையைப் பார்த்து வரவில்லை, ஆளைப் பார்த்து வருகிறது.

உடுப்பை வைத்து ஆளை அடக்குவது இந்த நாட்டில் புதிதல்ல. இன்றைய கன்னியாகுமரி ஜில்லா அன்று திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. அங்கே நாடார் பெண்கள் மார்பை மூடி மேலாடை போடக் கூடாது என்று தடை இருந்தது. அடிபட்டு, உதைபட்டு, துணி கிழிபட்டு அந்தப் பெண்கள் போராடினார்கள். 1859-ல் மகாராஜா ஒரு பிரகடனம் போட்டார். மார்பை மூடிக் கொள்ளலாம், ஆனால் மேல்ஜாதிப் பெண்கள் மூடுகிற மாதிரி மூடக் கூடாது என்று அதிலும் ஒரு வால் வைத்தார்! கீழத் தஞ்சையில் பண்ணையாள் வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கினால் மிராசுதாருக்குப் பொறுக்காது. சவுக்கு வரும், சாணிப்பால் வரும். 1940களில் சீனிவாசராவ் போன்ற தோழர்கள் அங்கே போய்ச் சங்கம் கட்டிய பிறகுதான் வேட்டி கணுக்காலுக்கு இறங்கிற்று, துண்டு தோளுக்கு ஏறிற்று. இங்கே உட்கார்ந்திருக்கும் விவசாயத் தொழிலாளத் தோழர்கள் தங்கள் பாட்டன் பூட்டன் வாயால் கேட்ட கதை இது.

எங்கள் கதையும் இதோடு சேர்ந்ததுதான். 1871-ல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டு வந்தான். அதன் இரண்டாம் பகுதி எங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டது. வடமேற்கு மாகாணம், அயோத்தி, பஞ்சாப் பக்கங்களில் எங்கள் ஜனங்களின் பேரை ரிஜிஸ்தரில் எழுதி வைத்தார்கள். அப்படி எழுதப்பட்டவர் பெண்ணைப் போல உடுத்தி, நகை போட்டுப் பொதுத் தெருவில் தென்பட்டால் வாரண்டு இல்லாமலே பிடிக்கலாம், 2 வருஷம் வரை ஜெயிலில் போடலாம். திருட வேண்டாம், அடிக்க வேண்டாம், சேலை கட்டினால் போதும், குற்றம்! அதே சட்டம் 1911-ல் புது உருவம் எடுத்துத் தெற்கே வந்தபோது நம் ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். கைரேகை வைக்க மாட்டோம் என்று பெருங்காமநல்லூரில் எதிர்த்து நின்றவர்கள் மேல் 1920-ல் துப்பாக்கிச் சூடு நடந்ததை மதுரை ஜில்லாத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே சட்டத்தால் அடிபட்டவர்கள் நாம்.

பழங்கதை போதும். வேலைக்கு வருவோம்.

இந்தக் கூட்டத்தில் மறைவாக உட்கார்ந்து கேட்கிற தங்கைகள் இருப்பார்கள். யார் என்று தேட வேண்டாம். அவர்களுக்காக இப்போது கொஞ்சம் விவரமாகச் சொல்கிறோம். மற்றவர்களும் கேளுங்கள். பக்கத்து மெஷினில் நிற்பவளுக்கு என்ன கஷ்டம் என்று தெரிந்து கொள்வதில் நஷ்டமில்லை.

முதல் நாள் எதைக் கட்டுவது? பெட்டியில் இருப்பதிலேயே நல்லதைக் கட்ட மனசு துடிக்கும். எத்தனை வருஷத்து ஆசை! ஆனால் கூவாகம் திருவிழாவுக்குக் கட்டுகிற பட்டுச் சேலை ரிங் பிரேமுக்கு ஆகாது. கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வேலைக்கு வருகிற பெண் யாரும் இல்லை. உன் டிபார்ட்மெண்டில் நிற்கிற பெண்களைப் பார். அவர்கள் என்ன உடுத்துகிறார்களோ அதையே உடுத்து. அதற்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம். அவர்கள் சுடிதாருக்கு மேலே மில் கோட்டுப் போட்டால் நீயும் சுடிதாரும் கோட்டும். அவர்கள் சேலை மேல் கோட்டுப் போட்டால் நீயும் அப்படியே. பத்துப் பேரோடு பதினோராவது ஆளாக நின்றால் நாலு நாளில் பார்க்கிறவர்களுக்குப் பழகிவிடும். எங்கள் அனுபவத்தில் ஐந்தாம் நாள் முறைத்துப் பார்த்தவர் பத்தாம் நாள் தீப்பெட்டி கேட்டார்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மெஷின் பக்கத்தில் நிற்பவளுக்குச் சுடிதார்தான் நல்லது என்போம். சேலையின் முந்தானை பட்டையிலும் சக்கரத்திலும் போய் மாட்டும். சேலை கட்டித்தான் தீர வேண்டுமென்றால் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, தோளில் மடிப்புக்கு ஒரு ஊக்கு, இடுப்புக் கொசுவத்துக்கு ஒரு ஊக்கு போட்டு, அதன் மேல் கோட்டுப் பட்டனை எல்லாம் போட்டுவிட வேண்டும். புதிதாகக் கட்டுகிறவளுக்குக் கொசுவம் நழுவும் என்ற பயமே பாதி வேலையைக் கெடுத்துவிடும். வீட்டில் ஒரு வாரம் கட்டிக் கொண்டு தண்ணீர்க் குடம் தூக்கிப் பழகிய பிறகு மில்லுக்குக் கட்டலாம். துப்பட்டா வேண்டுமே என்று கேட்பார்கள். கோட்டுக்குள் அடங்குகிற மாதிரி இரண்டு தோளிலும் குத்திக் கொள். இல்லாவிட்டால் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடு. கழுத்தைச் சுற்றிய துணி, சுழலுகிற மெஷின், இரண்டும் பகையாளிகள். இந்த விஷயத்தில் ஆண், பெண், திருநங்கை என்ற வித்தியாசம் மெஷினுக்குக் கிடையாது.

துணி எது? நூற்பு ஹாலில் இழை அறாமல் இருக்கக் காற்றை ஈரமாகவே வைத்திருப்பார்கள். உள்ளே நின்றாலே வேர்த்து ஊற்றும். அங்கே பருத்தி தவிர வேறு துணி உடம்பில் ஒட்டிக் கொண்டு பிராணனை வாங்கும். நடவு வயலில் கதை வேறு. முழங்கால் சேற்றில் நிற்கும்போது பருத்திச் சேலை தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், சீக்கிரம் காயவும் காயாது. அதனால்தான் நம் பெண்கள் வயலுக்குப் பாலியஸ்டர் சேலையைக் கட்டித் தூக்கிச் செருகிக் கொள்கிறார்கள். கடைக்காரனைக் கேட்டு வாங்காதே. வயலில் நிற்கிற அக்காவைக் கேட்டு வாங்கு.

இனி ரவிக்கை. தோழர்களே, எங்களில் எத்தனையோ பேர் பின்வாங்கியது கேட்டில் அல்ல, தையற்கடை வாசலில். ஒரு பெண் தையற்கடைக்குப் போனால் என்ன செய்கிறாள்? அளவு ரவிக்கை ஒன்றைக் கொடுத்து, "இதே மாதிரி தைத்துக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு வருகிறாள். இரண்டு நிமிஷ வேலை. எங்களுக்கு முதல் முறை அளவு ரவிக்கை ஏது? ஆட்களுக்கு நடுவே நின்று டேப் வைத்து அளக்கக் கொடுக்க வேண்டும். டெய்லர் ஒரு மாதிரி பார்ப்பார். பக்கத்தில் பட்டன் தைக்கும் பையன் சிரிப்பான். துணியை மடித்துப் பையில் போட்டுக் கொண்டு திரும்பி வந்தவர்கள் நாங்கள். இந்த இடத்தில்தான் ஒரு தோழியின் உதவி மலை போன்ற உதவி. கூட வேலை செய்கிற ஒரு அக்கா வீட்டுக்கு வரச் சொல்லி, டேப் வைத்து அளந்து, காகிதத்தில் எழுதி, தானே கடையில் கொடுத்து வாங்கி வந்தால் போதும். அந்த முதல் ரவிக்கைதான் பிறகு ஆயுசுக்கும் அளவு ரவிக்கை.

அளக்கும்போது சில கவனம் வேண்டும். எங்களில் பலருக்குத் தோள்பட்டை அகலம். கடையில் தொங்குகிற ரெடிமேட் ரவிக்கை இடுப்பில் தொளதொளக்கும், தோளில் பிடிக்கும். ரிங் பிரேமில் மேலே தொங்குகிற ரோவிங்கை மாற்றக் கையைத் தூக்கினால் அக்குளில் கிழிந்துவிடும். அக்குளில் தாராளமாகத் துணி விட்டு, முழங்கை வரை கை வைத்து, முதுகை மேலேற்றித் தைக்கச் சொல்ல வேண்டும். உள்பாவாடை நாடா மெல்லியதாக இருந்தால் எட்டு மணி நேரத்தில் இடுப்பை அறுத்துவிடும். அகலப் பட்டை வைத்துத் தைப்பது நல்லது. உள்ளே பஞ்சு வைத்துக் கட்டுகிறவர்கள் உண்டு. வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஸ்பாஞ்ச் வேண்டாம். அந்த ஈரச் சூட்டில் கொப்புளம் போட்டுவிடும். லேசான பருத்தித் துணியாக இருக்கட்டும்.

தலைமுடி வளர நாளாகும். அது வரை என்ன செய்வது என்று பலரும் கவலைப்படுகிறார்கள். மில்லில் இருப்பவளுக்கு இந்தக் கவலையே வேண்டாம். பஞ்சுத் தூசிக்காக எல்லாப் பெண்களும் தொப்பி போடுகிறார்கள். தொப்பிக்குள் நீள முடியும் ஒன்று, குட்டை முடியும் ஒன்று. டோப்பா மட்டும் மெஷின் அருகே கூடவே கூடாது. வளையலும் கொலுசும் அப்படியே, ஷிப்ட் முடிந்து போட்டுக் கொள்ளலாம். பவுடர் பூசினால் வேர்வையும் பஞ்சும் சேர்ந்து முகம் அப்பளம் மாதிரி ஆகிவிடும். காலையில் மழமழவென்று சவரம் செய்து, நெற்றியில் ஒரு பொட்டு வைத்தால் போதும். செருப்பு? பெண்கள் செருப்பில் எங்கள் கால் அளவு கிடைப்பது அபூர்வம். இருக்கிற செருப்பையே போடு. ஷிப்டுக்கு மணி அடிக்கும்போது யாரும் காலைப் பார்ப்பதில்லை.

இதெல்லாம் எங்கள் கையில் இருப்பது. எங்கள் கையில் இல்லாதது ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் உங்களிடம் வந்திருக்கிறோம்.

எங்களில் ஒருத்தி ஒரு மில்லில் பிட்டர் வேலை பார்த்தாள். கைதேர்ந்தவள். பட்டை அறுந்தாலும் ஸ்பிண்டில் ஆடினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். சுடிதாரும் கோட்டுமாக வந்த முதல் வாரமே நிர்வாகம் கூப்பிட்டு, "பெண் உடுப்புப் போட்டால் பெண் வேலைதான். ரீலிங்குக்குப் போ" என்றது. ரீலிங்கில் கூலி குறைவு. "பழைய வேலை வேண்டுமானால் பழைய சட்டையில் வா" என்றது. பாருங்கள், சட்டைக்கும் கூலிக்கும் எவ்வளவு கிட்டத்து உறவு! அதே நிர்வாகம், ரிஜிஸ்தரில் அவள் பேர் ஆண் பேராக இருக்கிறது என்று சொல்லிப் பெண்கள் கோட்டையும் கொடுக்க மறுத்தது. கூலியைக் குறைக்கும்போது அவள் பெண். கோட்டுக் கொடுக்கும்போது அவள் ஆண். முதலாளிக்கு இருக்கிற சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது!

"மெஷின் பாதுகாப்புக்காகத்தான்" என்று சாக்குச் சொல்வார்கள். 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 22-வது பிரிவு, ஓடுகிற மெஷினைத் தொட்டுப் பார்க்கிற வேலையைத் தனிப் பயிற்சி பெற்ற ஆண் தொழிலாளிக்கு மட்டும் என்று எழுதியது உண்மை. அதே பிரிவு இன்னொன்றும் எழுதியது. அந்தத் தொழிலாளி உடம்போடு ஒட்டிய இறுக்கமான உடுப்புப் போட வேண்டும், அந்த உடுப்பை நிர்வாகமே கொடுக்க வேண்டும் என்றது. முதல் பாதி மட்டும் முதலாளிகளுக்கு மனப்பாடம். உடுப்பு யார் செலவு என்கிற பாதி யாருக்கும் ஞாபகத்தில் இல்லை! பாதுகாப்பு என்றால் இறுக்கமான கோட்டும் கால்சட்டையும் கொடு, போட்டுக் கொண்டு வேலை செய்கிறாள். நெஞ்சில் பெண் என்றிருப்பதால் கை ஸ்பானர் பிடிக்க மறந்துவிடுமா?

2025 நவம்பரில் பழைய சட்டங்களை மூட்டை கட்டிவிட்டு நாலு தொகுப்புச் சட்டங்களை மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டு வந்தது. அந்தச் சட்டங்களைப் பற்றித் தொழிலாளிக்கு எத்தனையோ கோபம் உண்டு, அது தனிக் கூட்டத்துக்கு உரிய விஷயம். ஆனாலும் தொழில் பாதுகாப்புத் தொகுப்பில் ஒரு வரி இருக்கிறது. கக்கூசும், குளிக்கும் இடமும், உடுப்புப் பெட்டி வைக்கும் அறையும் ஆண், பெண், திருநங்கை என்று மூன்று பேருக்கும் தனித் தனியாக இருக்க வேண்டும் என்கிறது. இந்த வரியை நாம் கெட்டியாகப் பிடித்துக் கொள்ள வேண்டும்.

ஏன் என்று சொல்கிறோம். எங்களில் பலர் வீட்டை விட்டுக் கிளம்புவது பேண்ட் சட்டையில். ஊர்க்காரர் கண் முன்னே சேலையில் நடக்க இன்னும் தைரியம் வரவில்லை. வழியில் எங்கேயாவது மாற்ற வேண்டும். பஸ் ஸ்டாண்டு கக்கூசில் ஆண்கள் பக்கம் போனால் ஒரு ஆபத்து, பெண்கள் பக்கம் போனால் இன்னொரு கூச்சல். மில்லுக்கு வந்த பிறகும் அதே கதை. அதற்குப் பயந்து ஷிப்ட் முழுக்க ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் நிற்கிறோம். வேர்த்து ஊற்றுகிற ஹாலில் எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் நின்றால் என்ன ஆகும்? நீர்க்கடுப்பு வரும், மயக்கம் வரும். சேலை கட்டியதற்கு நாங்கள் கட்டுகிற அபராதம் இது.

இங்கே இருக்கிற தாய்மார்களுக்கு ஒரு தயக்கம் இருக்கும். "நாங்கள் உடுப்பு மாற்றுகிற இடத்துக்கு இவர்களை எப்படி விடுவது?" என்று கேட்பீர்கள். கேட்பதில் தப்பில்லை. கூச்சம் எங்களுக்கும் இருக்கிறது, உங்களை விடக் கூடுதலாகவே இருக்கிறது. ஆனால் உங்கள் அறையை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். எத்தனை மில்லில் பெண்கள் அறைக்கு உள் தாழ்ப்பாள் ஒழுங்காக இருக்கிறது? ஒருத்தி மாற்றும்போது இன்னொருத்தி சேலையைத் திரைபோலப் பிடித்துக் கொண்டு நிற்கவில்லையா? தடுப்பு வைத்து, கதவு வைத்து, தாழ்ப்பாள் வைத்துக் கொடு என்று கேட்போம். தாழ்ப்பாள் இருந்தால் உள்ளே மாற்றுகிறவள் யாராக இருந்தால் வெளியே நிற்பவளுக்கு என்ன? தனி அறை வேண்டும் என்று எங்களில் ஒருத்தி கேட்டால் சட்டப்படி கொடுக்கட்டும். வேண்டாம், பெண்களோடு போகிறேன் என்றால் அதையும் விடட்டும். கொதிகலன் பக்கத்தில் ஒரு இருட்டு மூலையைக் காட்டி, "இதுதான் உன் அறை" என்று ஒதுக்கி வைப்பதை மட்டும் ஒப்புக் கொள்ள மாட்டோம். தனிக் குவளையையும் தனிக் கிணற்றையும் பார்த்த நாடு இது.

உரிமை இல்லாமல் கேட்கவில்லை. 2014 ஏப்ரல் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட் எங்கள் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தன்னை எந்தப் பாலாக உணர்கிறாரோ அதை உடையாலும் சொல்லாலும் நடத்தையாலும் வெளிப்படுத்துவது அரசியல் சட்டம் கொடுத்த கருத்துச் சுதந்திரத்தில் சேரும் என்றது. 1871-ல் ஜெயிலுக்கு அனுப்பிய சேலை 2014-ல் உரிமையாயிற்று. 2019-ம் வருஷச் சட்டம் வேலைக்கு எடுப்பதிலும் பதவி உயர்விலும் திருநங்கை என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று எழுதி வைத்தது. சேலத்தில் பிறந்த பிரித்திகா யாஷினி சப் இன்ஸ்பெக்டர் வேலைக்கு மனுப் போட்டபோது ஏற்கவில்லை. மனுவில் ஆண், பெண் என்று இரண்டே கட்டம்தான் இருந்தது. ஹைகோர்ட்டுக்குப் போய் 2015-ல் ஜெயித்து, 2017-ல் தர்மபுரியில் காக்கி உடுப்பில் வேலை ஏற்றார். அந்தக் காக்கியைப் பார்த்துக் கேட்டில் நிறுத்த யாருக்காவது துணிச்சல் வருமா?

அதற்காக உடுப்புக் கிடைத்தால் எல்லாம் கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதே 2017-ல் கொச்சி மெட்ரோ ரயில் திருநங்கைகளுக்கு வேலை கொடுத்தது. நாடெங்கும் பத்திரிகைகள் படம் போட்டுப் பாராட்டின. நல்ல காரியம்தான். ஆனால் சில நாட்களிலேயே அவர்களில் சிலர் நின்றுவிட்டார்கள். வேலை பிடிக்காமல் அல்ல. அந்த ஊரில் வாடகைக்கு வீடு கொடுக்க ஆள் இல்லை. சீருடையைத் துவைத்துக் காயப் போட ஒரு கொடி வேண்டுமே!

ஆகவே சங்கத் தோழர்களுக்குச் சில வார்த்தைகள். ஒரு திருநங்கை வெளிப்படையாக வரப் போகிறாள் என்று தெரிந்தால், அவள் சம்மதம் கேட்டு, முதல் நாளே சங்கக் காரியதரிசி மேஸ்திரியிடமும் நிர்வாகத்திடமும் பேசட்டும். வார லீவுக்கு மறுநாள் தொடங்குவது நல்லது. நடுவாரத்தில் வேண்டாம். அவளைத் தனியாகக் கேட்டுக்கு அனுப்பாதீர்கள். நாலு பெண் தோழர்கள் கூடவே நடந்து வரட்டும். கோட்டுக்கு ரிஜிஸ்தர் பேரைக் காட்டித் தடுத்தால், "காகிதம் மாறும்போது மாறட்டும், கோட்டை இப்போது கொடு" என்று கேளுங்கள். ஆளுக்கு இரண்டு கோட்டு வேண்டும். ஒன்றை வைத்துக் கொண்டு மழைக் காலத்தில் ஈரத்தோடு போட முடியாது. இது எல்லாப் பெண்களுக்கும் சேர்த்துக் கேட்க வேண்டிய கோரிக்கை.

ஆண் தோழர்களே, உங்களுக்கும் ஒன்று. கோட்டுக்குள்ளே என்ன, ஆபரேஷன் ஆயிற்றா இல்லையா என்று டீக்கடையில் ஆராய்ச்சி நடக்கிறது. உங்கள் வேட்டிக்குள் என்ன என்று யாராவது கூட்டம் போட்டு விசாரிக்கிறார்களா? பேரைக் கேளுங்கள், அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பழைய பேர் வாய் தவறி வந்துவிட்டால் திருத்திச் சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். அதற்காகக் காலில் விழவும் வேண்டாம். மூத்தவள் என்றால் அக்கா, இளையவள் என்றால் தங்கச்சி, அல்லது தோழர். இதில் என்ன கஷ்டம்?

கடைசியாக, எங்கள் ஆட்களுக்கே ஒரு பேச்சு. சேலை கட்டாதவள் திருநங்கையே இல்லை என்று நமக்குள்ளேயே சிலர் பேசுகிறோம். கூடாது. வீட்டில் தாய் தகப்பனை வைத்துக் காப்பாற்றுகிறவள், தம்பி படிப்பை முடிக்கக் காத்திருக்கிறவள், இன்னும் இரண்டு வருஷம் பேண்ட் சட்டையில்தான் வருவாள். வரட்டும். ரவிக்கைத் துணியை வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தாலும் அவள் நம்மவள்தான். அவளை ஊருக்குக் காட்டிக் கொடுக்கிற உரிமை நமக்குக் கிடையாது, சங்கத்துக்கும் கிடையாது. அவள் தேதி அவளுடையது.

நேரமாகிவிட்டது. நைட் ஷிப்டுக்குப் போகிறவர்கள் எழுந்திருக்கப் பார்க்கிறீர்கள். கேள்வி இருந்தால் கேளுங்கள். முன் வரிசையில் ஒரு அம்மா ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக் கொண்டிருக்கிறார், அவர் முதலில் கேட்கட்டும். டேப் வைத்து அளந்து கொடுக்கச் சம்மதமுள்ள தையல் தெரிந்த தோழிகள் போகும்போது சங்க ஆபீஸ் மேஜையில் பேரைச் சொல்லிவிட்டுப் போங்கள்.